பார்வையற்றோருடன் குழுச் சுற்றுலா: வழித்துணையோடு போய்வர முழுமையான வழிகாட்டி

குடும்பத்தோடு சுற்றுலா போன பார்வையற்றவர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். "நீ இங்கேயே பையைப் பார்த்துக்கிட்டு உட்காரு, நாங்க ஒரு சுற்று போயிட்டு வந்துடறோம்" என்பதை ஒரு தடவையாவது கேட்டிருப்பார். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. கூட்டத்தில் ஒருவரை எப்படி அழைத்துப் போவது, சிற்பத்தை எப்படி வாயால் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆளுக்கொரு வழித்துணை இருந்து, அந்தத் துணைக்கும் கொஞ்சம் பயிற்சி இருந்துவிட்டால் பையோடு உட்கார வேண்டிய அவசியம் யாருக்கும் வராது.

இப்படிப்பட்ட பயணத்தைத் தொழிலாகவே நடத்துபவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டிராவல்ஐஸ் என்ற நிறுவனம் 2004 முதல் இயங்குகிறது. தொடங்கிய அமர் லத்தீஃப் தாமே பார்வையற்றவர். அங்கே பார்வையுள்ளவர்கள் ஊழியர்களாக வருவதில்லை, குறைந்த கட்டணம் கட்டிப் பயணிகளாக வருகிறார்கள். அவரவருக்கும் அது விடுமுறைதான். தினமும் ஜோடியை மாற்றிவிடுகிறார்கள். இந்த இரண்டு விதிகளும்தான் முக்கியம். இவற்றை எடுத்துக்கொண்டு நம் ஊரில் நாமே ஒரு குழுவைக் கூட்டிப் போவது எப்படி என்று பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு ஒரு நான்கு நாள் பயணத்தை வைத்துக்கொள்கிறேன்: மாமல்லபுரம், கும்பகோணம், சுவாமிமலை, தஞ்சாவூர்.

முதலில் ஆட்கள்

எட்டுப் பார்வையற்றவர்கள், எட்டு வழித்துணைகள், ஜோடியில் சேராத இரண்டு பேர். முதல் பயணத்துக்கு இதற்கு மேல் வேண்டாம். அந்த இரண்டு பேரை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவர் டிக்கெட் எடுக்கப் போக வேண்டும், ஓட்டுநர் வண்டியை வேறெங்கோ நிறுத்திவிட்டார் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். ஜோடியிலிருந்து ஆளைப் பிடுங்கினால் ஒருவர் தனியாக நிற்பார்.

வழித்துணைகள் எங்கே கிடைப்பார்கள்? பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தரும் ஸ்கிரைப் தன்னார்வலர்களிடம் முதலில் கேளுங்கள். பழக ஏற்கெனவே தெரிந்தவர்கள். அவர்களுக்குள் வாட்ஸ்அப் குழுக்களும் உண்டு. "சேவை செய்ய வருகிறேன்" என்று கண் கலங்குபவரைவிட, "தஞ்சாவூர் நான் பார்த்ததே இல்லை, நானும் வரலாமா?" என்று கேட்பவரைச் சேருங்கள். இரண்டாம் நாள் மாலையில் களைப்பு வரும்போது முதல் வகை ஆள் தியாகி ஆகிவிடுவார்.

ஒவ்வொருவரிடமும் போனில் பேசுங்கள். பார்வையற்றவர் என்றாலே முழு இருட்டு என்று நினைக்க வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, நல்ல கண்ணில் கண்ணாடி போட்டும் 3/60-க்குக் கீழே பார்வை உள்ளவரும், பார்வைப் புலம் 10 டிகிரிக்குக் குறைந்தவரும்கூடப் பார்வையற்றவர்தான். பகலில் தனியாக நடப்பவருக்கு இருட்டியதும் ஒன்றும் தெரியாமல் போகலாம். விழித்திரை நிறமிச் சிதைவு உள்ளவர்களுக்கு இது சகஜம். இன்னொருவருக்கு மதிய வெயிலின் கூச்சத்தில்தான் பிரச்சினை. ஆகவே "எவ்வளவு சதவீதம்?" என்று கேட்பதைவிட "இரவில் எப்படி, வெயிலில் எப்படி, படியில் எப்படி?" என்று கேளுங்கள். வெள்ளைக்கோல் வைத்திருக்கிறாரா, எந்தப் பக்கத் துணை வசதி, காது நன்றாகக் கேட்குமா, சர்க்கரை நோய் உண்டா, கோயிலுக்குள் வர விருப்பமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சர்க்கரையால் பார்வை போனவர்களுக்குப் பாதத்திலும் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெறுங்காலோடு கோயில் பிரகாரத்தில் நடக்கும் பயணத்தில் அது ரொம்ப முக்கியமான விஷயம்.

பெண்களிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டும்: ஆண் வழித்துணை சம்மதமா? சிலருக்குப் பரவாயில்லை, சிலருக்கு வேண்டாம். அவர்கள் சொல்வதே முடிவு. காரணம் கேட்கக் கூடாது. அறைகளையும் அப்படியே பிரியுங்கள்.

பணக் கணக்கு

இங்கேதான் பல குழுக்கள் முறுக்கிக்கொள்கின்றன. ஒரு கணக்கு போடுவோம். ஆளுக்கு 6,000 ரூபாய் செலவு, ஜோடிகளில் பதினாறு பேர், மொத்தம் 96,000. வழித்துணைகள் பாதி கட்டினால் அவர்களிடமிருந்து 24,000 வரும். மீதி 72,000-ஐ எட்டுப் பார்வையற்றவர்கள் பிரித்தால் ஆளுக்கு 9,000. அதாவது கண் தெரியாத ஒரே காரணத்துக்காக 3,000 ரூபாய் அதிகம். நிறுவனமாக நடத்துபவர்களுக்கு வேறு வழி இல்லாமல் இருக்கலாம். நண்பர்கள் குழுவுக்கு என் யோசனை சமபங்கு. ஜோடியில் சேராத இருவரின் செலவை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். கல்லூரி மாணவராக வரும் வழித்துணைக்கு மட்டும் சலுகை கொடுத்து, அதற்கு ஒரு புரவலரைப் பிடியுங்கள். எந்த முறையானாலும் கிளம்புவதற்கு முன்பே கணக்கை எல்லோருக்கும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். படமாக அனுப்பாதீர்கள், போனில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் அதைப் படிக்காது.

ரயிலில் கொஞ்சம் மிச்சமாகும். பார்வை முழுமையாக இல்லாதவருக்கும் அவருடன் வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பர், மூன்றாம் ஏசி ஆகியவற்றில் 75 சதவீதமும், இரண்டாம் ஏசி, முதல் ஏசியில் 50 சதவீதமும் கட்டணச் சலுகை உண்டு. ஆன்லைனில் சலுகைக் கட்டணத்தில் எடுக்க ரயில்வே தரும் தனி அடையாள அட்டை வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடியை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி நிமிடத்தில் முயன்றால் நடக்காது. தட்கலில் சலுகையே கிடையாது. எனவே அட்டை வேலையைப் பல வாரம் முன்பே தொடங்குங்கள்.

இடம் தேர்வு

சாதாரண டூர் பட்டியலை அப்படியே எடுத்தால் முதல் நாளே சலித்துவிடும். வியூ பாயிண்ட், பூங்கா, இன்னொரு வியூ பாயிண்ட் என்றிருக்கும். கைக்கும் காதுக்கும் மூக்கிற்கும் காலுக்கும் என்ன கிடைக்கும் என்று கேட்டு ஒவ்வொரு இடத்தையும் சலியுங்கள்.

முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். தூணை அணைத்துப் பார்க்கலாம், திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் நின்று மேலே திறந்திருப்பதைக் குரலின் எதிரொலியிலேயே கண்டுபிடிக்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கிருந்து மாமல்லபுரம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள் எல்லாம் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பவை. சிற்பத்தைத் தொட வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கிடைக்கும் என்று குழுவில் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஊருக்குள் இருக்கும் சிற்பக் கூடங்களுக்கு இந்தத் தடை இல்லை. பாதி செதுக்கிய விநாயகர், பளபளப்பாக்கிய விநாயகர், வெறும் கல் மூன்றையும் அடுத்தடுத்துத் தொட்டால், ரதங்களைப் பற்றி நீங்கள் பிறகு சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் வரும். உளிச்சத்தம் கேட்டே எந்த வேலை நடக்கிறது என்று சொல்லிவிடுபவர்களும் குழுவில் இருப்பார்கள். அதனால் சிற்பக்கூடம் முதலில், கோயில் பிறகு.

இந்தப் பயணத்தின் உச்சம் என்று நான் சுவாமிமலையைத்தான் சொல்வேன். முருகன் கோயிலின் அறுபது படிகள் ஒரு பக்கம் இருக்கட்டும். அங்குள்ள ஸ்தபதிகளின் வெண்கல வார்ப்புக் கூடங்களில் ஒரு சிலையின் பிறப்பு முழுவதும் கையால் அறியக் கிடைக்கிறது. தென்னங்கீற்றை மடித்து மடித்து அளவு குறிக்கும் ஒடியோலை, குங்கிலியம் கலந்த தேன்மெழுகில் செய்த உருவம், அதன்மேல் அப்பிய காவிரி வண்டல் மண், சூட்டில் மெழுகு உருகி ஓடிய வெற்று அச்சு, உடைத்தெடுத்த சொரசொரப்பான சிலை, அரம் போட்டுத் தேய்த்த சிலை. ஒவ்வொன்றும் வேறு எடை, வேறு தொடுவுணர்ச்சி, வேறு வாசம். முன்பே போய் ஸ்தபதியிடம் பேசி, எட்டுப் பேர் நிதானமாகத் தொட்டுப் பார்க்க இரண்டு மணிநேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். உலோகம் ஊற்றும் நாளில் போனால் அனலும் சத்தமும் சேரும். ஆனால் அன்று யாரும் ஸ்தபதி சொல்லும் எல்லையைத் தாண்டக் கூடாது.

தஞ்சாவூரில் வீணை செய்யும் பட்டறை. பலாமரக் கட்டையைக் குடைந்த குடம், யாளி முகம், மெழுகில் பதித்த 24 மெட்டுகள், ஏழு தந்திகள். பெரிய கோயிலில் 200 அடிக்கும் மேல் உயர்ந்த விமானத்தை எப்படிச் சொன்னாலும் முழுதாகப் பிடிபடாது. கடைகளில் விற்கும் சின்ன மாதிரி ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அதை வைத்து விளக்குங்கள். தாராசுரம் கோயிலுக்குப் போகலாம், ஆனால் தட்டினால் ஸ்வரம் ஒலிக்கும் இசைப் படிகளை நம்பிப் போகாதீர்கள். பாதுகாப்புக்காக அதற்குக் கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள்.

காலம்: ஜனவரி, பிப்ரவரி. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் மழை. சித்திரையில் கருங்கல் தரை பாதத்தைப் பொசுக்கும். எந்த மாதமானாலும் பெரிய கோயிலுக்குக் காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல். மதியம் நடை சாத்தியிருக்கும், வெறுங்காலோடு நிற்கவும் முடியாது.

ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். தொட்டுப் பார்க்க நேரம் ஆகும்.

வண்டி, ரயில், அறை

மாமல்லபுரத்தில் இரவு தங்கி, காலையில் செங்கல்பட்டு வந்து சோழன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகக் கும்பகோணம். பகல் ரயில் என்பதால் ஜன்னலோரமாக ஊர்கள் கடப்பதையும், வியாபாரிகளின் குரலையும் வழித்துணை சொல்லிக்கொண்டே வரலாம். திரும்ப, தஞ்சாவூரிலிருந்து இரவு உழவன் எக்ஸ்பிரஸ். ஊருக்குள் சுற்ற, அகலமான கதவும் உறுதியான கைப்பிடியும் உள்ள மினிபஸ்ஸாகப் பாருங்கள். வண்டியில் அவரவர் இருக்கை பயணம் முழுக்க ஒன்றேயாக இருக்கட்டும்.

விமானத்தில் போகும் குழுவானால் 48 மணிநேரம் முன்பே விமான நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். நிலையத்தில் உதவி இலவசம். கால் நன்றாக இருப்பவரையும் சக்கர நாற்காலியில் உட்காரச் சொல்வார்கள். வேண்டாமென்றால் "நடந்தே வருகிறேன், கை கொடுக்க ஒருவர் போதும்" என்று உறுதியாகச் சொல்லலாம்.

விடுதியில் எல்லா அறைகளும் ஒரே தளத்தில் அடுத்தடுத்து இருக்கும்படி கேளுங்கள். அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை அறையை அறிமுகப்படுத்துவது. கதவில் தொடங்கி, சுவரைத் தொட்டபடி ஒரு சுற்று: கட்டில், சுவிட்சுகள், மேசை, குளியலறைக் கதவு. குளியலறையில் எந்தக் குழாய் வெந்நீர், வாளி எங்கே, கழிப்பறை எந்த வகை, தரை எங்கே சரிகிறது என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். பிறகு அறையிலிருந்து மாடிப்படி வரை, அவசர வழி வரை ஒருமுறை நடந்து காட்டுங்கள். பொருட்களை எங்கே வைக்கிறாரோ அங்கேயே விட்டுவிடுங்கள். அடுக்கி வைக்கிறேன் என்று இடம் மாற்றினால் உதவி உபத்திரவமாகிவிடும். அறைக் கதவின் கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டால் தன் அறையைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார்.

வழித்துணைக்கான பயிற்சி

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு அரை நாள். பூந்தமல்லியில் தேசியப் பார்வை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. நடமாட்டப் பயிற்சி தெரிந்த ஒருவர் கிடைப்பாரா என்று விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் குழுவில் உள்ள அனுபவமுள்ள பார்வையற்றவரே சொல்லிக்கொடுக்கட்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் விளையாட்டு பத்து நிமிடம் போதும். அதிலிருந்து "ஐயோ, எவ்வளவு பயங்கரம்" என்ற முடிவுக்குத்தான் எல்லோரும் வருகிறார்கள். பல ஆண்டு பழகியவரின் வாழ்க்கை அப்படி இருக்காது.

அடிப்படை இதுதான்: நீங்கள் அவரைப் பிடிப்பதில்லை, அவர் உங்களைப் பிடிக்கிறார். உங்கள் பெயரைச் சொல்லி, உங்கள் புறங்கையால் அவர் புறங்கையை லேசாகத் தொடுங்கள். அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வார். உயரம் ஒத்துவராவிட்டால் தோள். நீங்கள் அரை அடி முன்னால் நடக்கிறீர்கள். நீங்கள் திரும்புவது, ஏறுவது, தயங்குவது எல்லாம் அந்தக் கை வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். பின்னாலிருந்து தள்ளுவதும் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதும் கூடாது. வெள்ளைக்கோலைப் பிடித்து இழுப்பது அதைவிட மோசம்.

குறுகிய இடம் வந்தால் உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அவர் நேர் பின்னால் வந்துவிடுவார். படி வந்தால் விளிம்பில் நின்று "படி, மேலே" அல்லது "படி, கீழே" என்று சொல்லுங்கள். கைப்பிடி இருந்தால் அவர் மறுகையை அதில் வையுங்கள். நீங்கள் எப்போதும் ஒரு படி முன்னால். கடைசிப் படியில் "முடிஞ்சது" என்று சொல்ல மறக்காதீர்கள். இல்லாத படிக்குக் கால் தூக்குவது விழுவதற்குச் சமம். கோயில் படிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, உயரம் மாறும்போதெல்லாம் சொல்ல வேண்டும். கோயில்களில் இன்னொரு சிக்கல் நிலைப்படி. கீழே முழங்கால் அளவுக்குத் தாண்ட வேண்டும், அதே நேரத்தில் மேலே தலை இடிக்கும். நின்று, அவர் கையை மேல்கல்லில் வைத்துக் காட்டிவிட்டு, பிறகு தாண்டுங்கள்.

நாற்காலி என்றால் அதன் முதுகில் அவர் கையை வைத்தால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். அமுக்கி உட்காரவைக்காதீர்கள். விலகிப் போகும்போது "போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, சுவரோ தூணோ தொடும்படி நிறுத்திவிட்டுப் போங்கள். வெட்டவெளியில் விட்டுவிட்டு நீங்கள் நகர்ந்துவிட்டால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார்.

வார்த்தைகளில் நம் பழக்கம் ஒன்று தடை. ஆபத்து வந்ததும் "பார்த்து, பார்த்து!" என்று கத்துவோம். அதில் ஒரு தகவலும் இல்லை. "நில்லுங்க" என்று சொல்லுங்கள், நின்றதும் என்ன என்று சொல்லுங்கள். "இங்கே, அங்கே" வேண்டாம். "உங்கள் வலது பக்கம், இரண்டு அடியில்" என்று சொல்லுங்கள். மற்றபடி "பார்த்தீங்களா?" என்று வாய்தவறி வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதில்லை. "நேத்து டிவி பார்த்தேன்" என்று அவர்களும்தான் சொல்கிறார்கள்.

வர்ணிப்பது

"ரொம்ப அழகா இருக்கு" என்பது வர்ணனை இல்லை. பெரியதிலிருந்து சின்னதற்கு வாருங்கள். மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசை எடுத்துக்கொள்வோம். முதலில் அளவு: ஏறத்தாழ 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம். வண்டியிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து இந்த நீளத்தை நடந்தே காட்டலாம். அடுத்து அமைப்பு: பக்கத்துப் பக்கமாக இரண்டு பாறைகள், நடுவில் ஒரு பிளவு, பிளவில் நாகங்கள். அதற்கடுத்து யானைகள், கிட்டத்தட்ட உண்மை யானை அளவு. கடைசியாக நுணுக்கம்: ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும் மனிதர், யானைப் பக்கத்தில் அவரைப்போலவே தவம் செய்யும் பூனை, அதைச் சுற்றி எலிகள். பூனையைச் சொன்னதும் சிரிப்பு வரும். அங்கிருந்து கேள்விகள் தானாக வரும்.

நிறங்களைச் சொல்லுங்கள். இடையில் பார்வை இழந்தவர்களுக்கு நினைவு இருக்கும், பிறவியிலேயே இல்லாதவருக்கும் சிவப்பு என்றால் என்னவெல்லாம் என்று தெரியும். நினைவுச் சின்னங்களை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். கடைப் பலகையில் உள்ள எழுத்துப்பிழை, டீக்கடையில் நடக்கும் தகராறு, எதிரே வரும் கல்யாண கோஷ்டி, இதெல்லாம்தானே பயணம். அதே சமயம் "கொஞ்சம் சும்மா இருக்கலாமா?" என்று அவர் கேட்டால் கோபப்படக் கூடாது. கடலைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு உங்கள் குரல் இடைஞ்சல்.

தினசரி ஒழுங்கு

காலைச் சிற்றுண்டியில் அன்றைய ஜோடிகளை வாசியுங்கள். தினமும் மாற்றுவதற்குக் காரணம் உண்டு. ஒருவரோடு ஒருவர் நான்கு நாள் ஒட்டிக்கொண்டால் இருவருமே களைத்துவிடுவார்கள், ஒத்துவராத ஜோடி என்றால் பயணமே கெட்டுவிடும். ஒரு நாள்தான் என்றால் சகித்துக்கொள்ளலாம். இன்னொரு லாபம், ஒவ்வொரு வழித்துணையின் கண்ணும் ஒவ்வொன்றைப் பார்க்கும். ஒருவர் கட்டடத்தைச் சொல்வார், இன்னொருவர் மனிதர்களைச் சொல்வார்.

ஜோடியின் வேலை இரவுச் சாப்பாட்டோடு முடிகிறது. அதன் பிறகு யாரும் யாருக்கும் பொறுப்பில்லை, அவசரத்துக்கு அந்த உபரி இருவரை அழைக்கலாம். இந்த விதி இல்லாவிட்டால் வழித்துணைகள் அடுத்த முறை வரமாட்டார்கள்.

சாப்பாட்டில் வாழையிலை ரொம்ப வசதி. நுனி இடது பக்கம், மேல்பாதியில் கறி கூட்டு வகைகள், கீழ்ப்பாதியில் சோறு என்ற வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பரிமாறியதும் இடமிருந்து வலமாக என்னென்ன என்று ஒருமுறை சொன்னால் போதும். தட்டு என்றால் கடிகார முள் கணக்கு: பன்னிரண்டில் சட்னி, மூன்றில் வடை. சூடான காபி டம்ளரை மேசையில் வைத்து, அது எங்கே என்று சொல்லுங்கள். கும்பகோணத்தில் டபரா டம்ளரை நேராகக் கையில் திணித்தால் விரல் வெந்துபோகும்.

கடைவீதியில் அவரே பணம் கொடுக்கட்டும். புதிய ரூபாய் நோட்டுகளின் ஓரத்தில் புடைப்புக் கோடுகள் உண்டு: 100-இல் நான்கு, 200-இல் நான்கும் இடையில் இரண்டு வட்டங்களும், 500-இல் ஐந்து. நைந்த நோட்டில் இவை தேய்ந்துபோயிருக்கும். அதற்கு ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட மணி செயலி இருக்கிறது, கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும்.

பிறர் தரும் தொல்லை

எட்டுப் பேர் வெள்ளைக்கோலோடு கோயில் வாசலில் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு மனதைத் தயார்ப்படுத்துங்கள். யாராவது கையில் பத்து ரூபாயைத் திணிப்பார்கள். யாராவது "பிறவியிலேயேவா?" என்பார்கள். ஹோட்டலில் சர்வர் உங்களைப் பார்த்து "சாருக்கு என்ன வேணும்?" என்று கேட்பார். கடைசிக் கேள்விக்கு ஒரே பதில்: "அவரிடமே கேளுங்க." நீங்கள் பதில் சொல்ல ஆரம்பித்தால் அந்த நாள் முழுக்க நீங்கள்தான் பேசிக்கொண்டிருப்பீர்கள். காசு கொடுப்பவரை எப்படி எதிர்கொள்வது என்பது அவரவர் விருப்பம். சிலர் சிரித்துத் திருப்பித் தருவார்கள், சிலர் திட்டுவார்கள். வழித்துணை முந்திக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டாம். சிறப்பு தரிசன வரிசையில் விடுகிறோம் என்று கோயில் ஊழியர் சொன்னாலும் குழுவைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

போட்டோவுக்கும் இதே விதி. கேட்காமல் எடுக்கக் கூடாது. எடுத்ததைக் குழுவில் போடும்போது படத்தில் என்ன இருக்கிறது, யார் யார் எந்தப் பக்கம் என்று இரண்டு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் பாதிக் குழுவுக்கு அது வெற்றுச் செய்தி. உளிச்சத்தம், ரயில் வியாபாரி, வீணைப் பட்டறையின் ஸ்ருதி சேர்ப்பு இவற்றை ஒலிப்பதிவாகவும் போடுங்கள்.

அவசரத்துக்கு

ஒவ்வொருவரின் மருந்துப் பட்டியல், ரத்த வகை, வீட்டு எண் ஆகியவை குழுத் தலைவரிடமும் உபரி இருவரிடமும் இருக்கட்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் பார்வையற்றவர் நின்ற இடத்திலேயே நிற்பது, வழித்துணை திரும்பி வருவது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இருவரும் தேடி அலைந்தால் கிடைப்பது கஷ்டம். மடக்கு வெள்ளைக்கோல் ஒன்றிரண்டு கூடுதலாக எடுத்துப் போங்கள், பஸ் கதவில் சிக்கி உடையும். ஆம்புலன்ஸுக்கு 108.

திரும்பி வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் இரு தரப்பிடமும் தனித்தனியாகக் கருத்துக் கேளுங்கள். எல்லோரையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்தால் பார்வையற்றவர்கள் நன்றி சொல்வார்கள், வழித்துணைகள் அடக்கமாகச் சிரிப்பார்கள், ஒரு தகவலும் வராது. தனியாகப் போனில் கேட்டால்தான் "அவர் ரொம்ப வேகமா நடக்கிறார்", "மூன்றாம் நாள் எனக்குப் பேசவே முடியலை", "இன்னொரு மணிநேரம் ஸ்தபதி கூடத்தில் விட்டிருக்கலாம்" என்பதெல்லாம் வெளியே வரும். யாராவது வரம்பு மீறித் தொட்டார்கள் என்று புகார் வந்தால் விசாரித்து, அந்த ஆளை அடுத்த பட்டியலிலிருந்து நீக்குங்கள், அவர் எவ்வளவு உழைத்திருந்தாலும். அடுத்த பயணத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் குழுவில் இருந்த பார்வையற்றவர் இருவரிடம் கொடுத்துவிடுங்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகில் போக வேண்டும் என்று இப்போதே யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள்.